விளக்கு சிமிட்டினால் எழுத்து மாறுகிறது



அரூரில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் டைப் செய்து தரும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் தம்பிக்குக் காது கேட்காது. அதனால் புது ஃபைல் வந்ததும் கீபோர்டின் கேப்ஸ் லாக் விளக்கைச் சிமிட்டும் மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டேன். வயர்லெஸ் கீபோர்டில் அது பயன்படவே இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்த, பலவற்றில் விளக்கே வைப்பதில்லை.

வயர் உள்ள கீபோர்டில் வேறு தொல்லை. இத்தகைய மென்பொருள்கள் சில, விளக்கை மட்டும் தொடுவதில்லை. கேப்ஸ் லாக்கை நாமே அழுத்தியதுபோல் மாற்றி மாற்றிப் போடுகின்றன. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் முறையில் சின்ன எல் 'ல', பெரிய எல் 'ள'. அந்த நொடியில் அடித்த 'மகள்', 'மகல்' என்று விழுகிறது. கவனிக்காவிட்டால் அப்படியே அச்சேறிவிடும்.



எந்தக் கீபோர்டில் வேலை செய்யும் என்பதை மென்பொருள் விற்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேப்ஸ் லாக்கைத் தொடாமல், திரையிலேயே பெரிதாக அறிவிப்புக் காட்டும் வசதியும் தர வேண்டும். காது கேளாதவர்களுக்கு இது அவசியத் தேவை.

– டி.டி.பி. கடைக்காரர், அரூர், தருமபுரி மாவட்டம்