மீதி வேலை எதுவரைக்கும்?

ஞாயிறு காலை. புனே வீட்டில் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து அம்மா போன். "நீங்க பேசுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றார் தங்கமணி. அந்த மீதி என்ன? காயை வேகவைத்து, சாம்பாரை இறக்குவது. அவ்வளவுதான்.

ஸ்கீம் மொழியில் இந்த "மீதி வேலை"க்கு கன்டின்யுவேஷன் என்று பெயர். கால்/சிசி என்று அழைத்தால், நிரலின் எந்த இடத்திலும் மீதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அங்கே திரும்பலாம். 1975ல் எம்ஐடியில் சஸ்மனும் ஸ்டீலும் உருவாக்கிய மொழிக்கு இது பெரிய பெருமை.

ஆனால் கால்/சிசி தருவது சாம்பார் வரைக்குமான மீதி அல்லங்க. சாம்பார், ஆபீஸ், வீட்டுக் கடன், ரிடையராகி ஊர் திரும்புவது என்று நிரல் முடியும்வரை உள்ள மொத்த மீதியும்! ஒருமுறை பெரிய கோப்பை வரிவரியாகத் தரும் ஜெனரேட்டரை இதை வைத்து எழுதினேன். மெமரி ஏறிக்கொண்டே போனது. வேண்டாத மீதியையெல்லாம் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் மூன்று நாள் தூக்கம் போச்சு.

மருந்து புதிதல்ல. "இதுவரை போதும்" என்று எல்லை போடும் ப்ராம்ப்ட் பற்றி ஃபெலைசன் 1988லேயே எழுதிவிட்டார். ராக்கெட், கைல் இரண்டிலும் அது இருக்கிறது. எஸ்ஆர்எஃப்ஐ 226 என்ற முன்மொழிவும் வந்துவிட்டது. ஆனால் 2013ல் வந்த ஆர்7ஆர்எஸ் தரத்தில் கால்/சிசி மட்டும்தான்.

1998ல் தொடங்கிய எஸ்ஆர்எஃப்ஐ முறை எனக்குப் பிடிக்கும். யாரும் முன்மொழியலாம், வேண்டுகிற கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். லிஸ்ட், ஸ்ட்ரிங் நூலகங்களுக்கு இது போதும். மீதி வேலை அப்படியல்ல, அது அஸ்திவாரம். என் நூலகம் எல்லை போட, உங்கள் நூலகம் கால்/சிசியில் அதைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆவது? அதனால் எல்லை போடும் வசதி தரத்துக்குள்ளேயே வரவேண்டும் என்பது என் கட்சி.

"சின்ன மொழியை ஊதிப் பெருக்காதே" என்பார்கள். 2007ல் ஆர்6ஆர்எஸ் வந்தபோதும் இதே சண்டைதான். ஆனால் இந்த ஒன்றை உள்ளே விட்டால் ஜெனரேட்டர், எக்ஸெப்ஷன் எல்லாவற்றையும் இதை வைத்தே கட்டலாம். அப்புறம் மொழி எங்கே பெருக்கிறது?

அம்மாவிடம் பேசி முடித்தேன். சாம்பார் ரெடி. வீட்டுக் கடன் மட்டும் இன்னும் என் தலையில்தான். அதுதானே நியாயம்!