வெளிநாட்டுக்கு ஹேர் ட்ரையர் எடுத்துட்டு போறீங்களா? பிளக்கை மாட்டும் முன் இந்த ஒரு வரியை பாருங்க!

நிலக்கோட்டையில் இருந்து கிளம்பி, மதுரையில் துபாய் விமானம் ஏறுறீங்க. பெட்டியில் வீட்டு ஹேர் ட்ரையர். துபாயில் பிரச்சினை இல்லாமல் ஓடும். அதையே அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு எடுத்துட்டு போனால் சூடே வராது. ஏன்?

சிக்கல் பிளக்கில் இல்லை

நம்ம ஊர் மின்சாரம் 230 வோல்ட். துபாய், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, பிரிட்டன் எல்லாம் ஏறக்குறைய இதே அளவுதான். அங்கெல்லாம் பிளக் வடிவத்துக்கு ஒரு அடாப்டர் போதும். ஆனால் அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட்தான்.

டிராவல் அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பலரும் தவறு செய்வது இங்கேதான்.

செல்போன் சார்ஜர் மட்டும் எப்படி வேலை செய்யுது?

பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. ஹேர் ட்ரையர் அப்படி இல்லை. உள்ளே இருப்பது சூடாகும் கம்பிச்சுருள். வோல்ட் பாதியானால் சூடு கால்வாசியாகக் குறையும்.

உண்மையான ஆபத்து எது?

வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரங்க வாங்கி வந்த 120 வோல்ட் ஸ்ட்ரெய்ட்னரை நம்ம வீட்டு பிளக்கில் மாட்டினால், சில நொடிகளில் கருகலாம், தீப்பிடிக்கலாம். பரிசாக வந்த பொருள்தானே என்று அசால்ட்டா இருக்காதீங்க.

என்ன பார்க்கணும்?

* கைப்பிடியிலோ பிளக்கிலோ 'இன்புட்' என்ற வரி இருக்கும். '100-240 வோல்ட்' என்றால் இரண்டு பக்கமும் ஓடும். '220-240' அல்லது '120' என்று மட்டும் இருந்தால் அந்த அளவுள்ள நாட்டில் மட்டும்தான்.

* சில மாடல்களில் வோல்ட் மாற்ற சின்ன ஸ்விட்ச் இருக்கும். போகும்போது மாற்றினால், ஊர் திரும்பியதும் மறக்காமல் பழையபடி வைக்கணும்.

* அடாப்டர் தாங்கும் ஆம்பியரையும் பாருங்க. 2,000 வாட் ட்ரையர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு நெருக்கமாக இழுக்கும். 6 ஆம்பியர் அடாப்டர் உருகிவிடும்.

* வோல்ட்டை மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. ஆனால் ட்ரையர் இழுக்கும் வாட்டுக்கு ஏற்றது பல கிலோ எடை இருக்கும். பெட்டியில் வைத்து சுமக்க முடியாது.

* பிரிட்டன் ஹோட்டல் குளியலறையில் 'ஷேவர்' என்று எழுதிய பிளக் பாயின்ட்டில் ட்ரையரை மாட்டவே கூடாது. அது மிகக் குறைந்த வாட்டுக்கானது.

அப்போ என்னதான் செய்யலாம்?

அமெரிக்கா, கனடா, ஜப்பான் போறவங்க ட்ரையரை வீட்டிலேயே விட்டுட்டு, ஹோட்டலில் இருப்பதை கேட்டு வாங்குங்க. நீண்ட நாள் தங்கினால் அங்கேயே ஒன்று வாங்கிக்கலாம். திரும்பும்போது அதை அங்கேயே யாருக்காவது கொடுத்துட்டு வாங்க. நம்ம வீட்டு பிளக்குக்கு அது வேண்டவே வேண்டாம்!