தடுப்புக் கம்பம் விழுந்தால் நஷ்டம் யாருக்கு?

காசு கொடுத்துக் காரை நிறுத்துகிறவர் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: விட்ட வண்டி விட்டபடி திரும்ப வேண்டும். திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்ற கேள்வி பல காலமாகக் கோர்ட்டுகளில் அலசப்பட்டு வந்திருக்கிறது. இப்போது வேறொரு கேள்வி முளைத்திருக்கிறது. வாயிலில் உள்ள தடுப்புக் கம்பமே காரின் தலையில் இறங்கி, கண்ணாடியை நொறுக்கினால் அல்லது கூரையை நசுக்கினால், செலவு யாருடையது? "வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதித் தொங்கவிட்ட பலகை நிர்வாகத்தைக் காப்பாற்றிவிடுமா?

அந்தமானில் வாழும் தமிழர்களுக்கு இது ஏட்டளவிலான கேள்வி அல்ல. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். டாக்சி ஓட்டியும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றியும் பிழைப்பவர்கள் அவர்களில் உண்டு. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், வீர சாவர்க்கர் விமான நிலையத்தின் புதிய முனையம் 2023 ஜூலையில் திறந்து வைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஐம்பது லட்சம் பிரயாணிகளைக் கையாளும் திறன் அதற்கு உண்டு என்று சொல்லப்பட்டது. பிரயாணிகள் பெருகினால் வண்டிகள் பெருகும். வண்டிகள் பெருகினால் கட்டண நிறுத்துமிடங்களும் தானியங்கிக் கம்பங்களும் பெருகும்.

கம்பம் ஏன் தவறுகிறது?

தானியங்கித் தடுப்புக் கம்பம் தானாக யோசிப்பதில்லை. சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள், மேலே நிற்கும் வண்டியின் உலோகத்தை உணர்ந்து, கம்பத்தை இறங்கவிடாமல் வைக்கிறது. இதற்குத் துணையாக, பாதையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை ஒன்று ஓடும். அது மறைக்கப்பட்டிருக்கும்வரை கம்பம் இறங்கக் கூடாது. இவை இரண்டும் பழுதானாலும், எதன்மீதாவது இடித்தவுடன் கம்பம் மேலே திரும்ப வேண்டும் என்பது மூன்றாவது காவல்.

இந்த மூன்று காவல்களும் பராமரிப்பை நம்பி நிற்பவை. உப்புக்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கின்றன. மழை நீர் கம்பிச் சுருளின் குழிக்குள் இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நனைக்கும் தீவுகளில் இது அபூர்வமல்ல. செலவை மிச்சப்படுத்தச் சில இடங்களில் ஒளிக்கற்றையே வைப்பதில்லை. காவலாளி கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் கவனம் ஒரு கணம் சிதறினால் கம்பம் காரின்மீது இறங்கும்.

ஓட்டுநர் பக்கமும் தவறு நேர்வதுண்டு. முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு, அதற்குத் திறந்த கம்பத்தின் கீழ் தாமும் நுழைய முயல்கிறவர் பலர். ஒரு வண்டிக்கு ஒரு முறை என்று அமைத்த கருவி இரண்டாவது வண்டியின்மீது இறங்கினால், முழுப் பழியையும் நிர்வாகத்தின்மீது போட முடியாது. ஆகவே நஷ்டஈட்டு வழக்கில் முதல் கேள்வி, கம்பம் இறங்கிய கணத்தில் என்ன நடந்தது என்பதே.

பலகையின் பலம் எவ்வளவு?

"சொந்தக்காரர் பொறுப்பில்" என்ற வாசகத்தின் மதிப்பை நம் சுப்ரீம் கோர்ட் 2019 நவம்பரில் அளந்து சொல்லிவிட்டது. 1998 ஆகஸ்ட் மாதம் டில்லி தாஜ்மகால் ஓட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் வந்தார். சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறொருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனி கார் சொந்தக்காரருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அந்தத் தொகைக்காக ஓட்டலின்மீது வழக்குத் தொடர்ந்தது. டோக்கனில் பொறுப்புத் துறப்பு வாசகம் அச்சாகியிருந்ததை ஓட்டல் காட்டிற்று. கோர்ட் அதை ஏற்கவில்லை. தன் ஊழியர் அஜாக்கிரதைக்கான பொறுப்பை ஓட்டல் ஓர் அச்சு வாசகத்தால் கழற்றிவிட முடியாது என்றும், தன்மீது தவறில்லை என்று காட்டும் கடமை ஓட்டலுடையது என்றும் தீர்ப்பாயிற்று. நிறுத்துமிடத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை என்ற வாதமும் எடுபடவில்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கும் விலையிலேயே அது அடங்கியிருக்கிறது என்பது கோர்ட்டின் கருத்து.

எனினும் அந்தத் தீர்ப்பை அப்படியே கம்பத்துக்குப் பொருத்திவிட முடியாது. அங்கே சாவி ஓட்டலின் கைக்குப் போயிற்று. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148-வது பிரிவு சொல்லும் ஒப்படைப்பு அது. தன் சொந்தப் பொருளை ஒரு விவேகி எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்கவேண்டும் என்பது 151-வது பிரிவு. தானே காரை ஓட்டிப்போய் நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவர் அவ்விதம் எதையும் ஒப்படைக்கவில்லை. அவருடைய வழக்கு அஜாக்கிரதை என்ற அடிப்படையிலும், சேவைக் குறைபாடு என்ற அடிப்படையிலும் நிற்கவேண்டும்.

அதற்கும் பலமான ஆதாரம் உண்டு. 1951-ல் டில்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து சிலர் மாண்டார்கள். 1966-ல் சுப்ரீம் கோர்ட் மாநகராட்சியைப் பொறுப்பாக்கிற்று. ஒழுங்காகப் பராமரித்த கட்டடம் தானாக விழாது. விழுந்ததே அஜாக்கிரதைக்குச் சாட்சி. இல்லை என்று நிரூபிக்கவேண்டியது கட்டடத்தை வைத்திருப்பவர் என்பது அதன் தத்துவம். ஒழுங்காக வேலை செய்யும் கம்பமும் நின்றுகொண்டிருக்கும் காரின்மீது தானாக விழாது.

பிரிட்டனில் இதே போன்ற இடத்திலேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. லண்டன் ஷூ லேன் கார் நிறுத்துமிடத்தில் இயந்திரம் டிக்கெட்டை நீட்டிற்று. அதில் நிபந்தனைகள் உள்ளே ஒட்டியிருப்பதாகச் சிறு எழுத்தில் இருந்தது. பிறகு காரை எடுக்க வந்தவர் அங்கே விபத்தில் காயமுற்றார். இயந்திரத்தின் முன் வண்டியைக் கொண்டு நிறுத்தியபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு நீட்டிய டிக்கெட்டின் நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்று டென்னிங் பிரபு தலைமையிலான அப்பீல் கோர்ட் தீர்த்தது. 1971-ல் சட்ட ஏடுகளில் வந்த அத்தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். ஆனால் அதே வழக்கில் பாதித் தவறு காயம்பட்டவருடையது என்றும் முடிவாயிற்று. முன்வண்டியை ஒட்டி நுழைகிறவர்கள் கவனிக்கவேண்டிய பகுதி இது.

எந்தக் கதவைத் தட்டுவது?

மோட்டார் விபத்து டிரிபியூனலுக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பயன் தராது. மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்துக்குத்தான் அந்த மன்றம். கம்பம் மோட்டார் வாகனமல்ல.

கட்டணம் கொடுத்தவருக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே பிராது கொடுக்கலாம் என்பது தீவுவாசிகளுக்குப் பெரிய உதவி. நிர்வாகத்தின் தலைமை அலுவலகம் சென்னையிலோ டில்லியிலோ இருந்தாலும் கடல் தாண்டவேண்டியதில்லை. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டுகள். எதிர்த்தரப்பு 45 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச் உறுதிசெய்திருக்கிறது.

ஆனால் டாக்சி ஓட்டுநருக்கு இங்கே ஒரு முள் இருக்கிறது. வியாபார நோக்கத்துக்காகச் சேவை பெறுகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். 1986-ம் ஆண்டின் பழைய சட்டத்தில், 2002 திருத்தத்துக்குப் பிறகு, சுயதொழிலால் பிழைப்பவருக்குப் பொருளிலும் சேவையிலும் விலக்கு இருந்தது. 2019 சட்டத்தின் விளக்கம் பொருளை மட்டுமே சொல்கிறது, சேவை விடுபட்டிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. ஒரே ஒரு வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்குத்தான் கார் ஒருவாரம் நின்றாலும் அடுப்பு அணைகிறது. அவருக்கே கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டிருப்பது நியாயமல்ல. அவருக்கு சிவில் கோர்ட் உண்டு. மூன்று ஆண்டு கெடுவும் உண்டு. ஆனால் அங்கே கோர்ட் கட்டணமும் காலதாமதமும் கூடவே வரும்.

சர்க்கார் கம்பமானால் கதை வேறு. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடி போன்ற இடத்தில் யாரும் சேவைக்குக் கட்டணம் கொடுத்து நிற்பதில்லை. அத்தகைய இடத்தில் சேதம் நேர்ந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தே வழக்குப் போடவேண்டும். "இது ஆட்சி அதிகாரச் செயல், நஷ்டஈடு கிடையாது" என்ற பழைய வாதம் 1964-ல் கஸ்தூரிலால் வழக்கில் ஜெயித்தது. 1994-ல் நாகேந்திர ராவ் வழக்கில் அந்த வாதத்தின் எல்லை வெகுவாகக் குறுக்கப்பட்டது. எனவே சர்க்கார் என்பதாலேயே பின்வாங்கவேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸா, நிர்வாகமா?

முழு இன்ஷூரன்ஸ் உள்ளவர் முதலில் தம் கம்பெனியையே நினைப்பார். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ளவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசியிலும் கணக்குப் பார்க்கவேண்டும். சிறிய கார்களுக்கு முதல் ஆயிரம் ரூபாய் சொந்தக்காரருடையது. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் பாதித் தொகையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிவில்லை. இவற்றுக்குமேல், ஒருமுறை பணம் கேட்டால் கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி போய்விடும். முதல் ஆண்டில் நூற்றுக்கு 20, ஐந்தாண்டு கிளெய்ம் இல்லாவிட்டால் 50 என்று வளரும் சலுகை அது. சிறு சேதத்துக்கு இன்ஷூரன்ஸை நாடி இந்தச் சலுகையை இழப்பது பலருக்கு நஷ்டமே. அச்சேதத்தை நிர்வாகத்திடம் கேட்பது மேல். சேதம் பெரிதானால் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளலாம். தாஜ் வழக்கில் நடந்ததுபோல், கம்பெனி நிர்வாகத்திடம் வசூலித்துக்கொள்ளும். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் நிர்வாகத்திடம் சிறு தொகை வாங்கிக்கொண்டு "முழுத் திருப்தி" என்று கையெழுத்திடுவது மட்டும் ஆபத்து. பிறகு இரண்டும் இல்லாமற் போகலாம்.

எவ்வழி சென்றாலும் சாட்சியம் முதல் ஒருமணி நேரத்தில்தான் கிடைக்கும். கம்பமும் காரும் இருந்த நிலையிலேயே படம், நேரம் அச்சான நிறுத்துமிட ரசீது, காவலாளியின் புகார்ப் புத்தகத்தில் ஒரு பதிவு, போலீஸ் நிலையத்தில் ஒரு தகவல் பதிவு ஆகியவை வேண்டும். காமிராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதை அழிக்காமல் வைக்கும்படி அன்றே எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கவேண்டும். பின்னர் பதிவைக் காட்ட மறுத்தால் அந்த மறுப்பே நிர்வாகத்துக்கு எதிராக நிற்கும். ரிப்பேர் பில்லோடு, உதிரிப்பாகம் கப்பலில் வரும்வரை வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பையும் கணக்கோடு கேட்கலாம்.

தாஜ் வழக்கு 1998-ல் தொடங்கிய சம்பவத்துக்கு 2019-ல் முடிவு கண்டது, இருபத்தோரு ஆண்டு. ஓட்டலையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் போல் காத்திருக்க ஒரு டாக்சிக்காரரால் முடியாது. ஆகவே வழக்கைவிட முன்தடுப்பே முக்கியம். கட்டண நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு விடும் உள்ளாட்சி அமைப்பும் பிற நிர்வாகங்களும், ஒளிக்கற்றையும் இடித்தால் திரும்பும் அமைப்பும் இல்லாத கம்பத்தை அனுமதிக்கக் கூடாது. பராமரிப்புப் பதிவேடும், மூன்றாம் நபர் சேதத்துக்கான இன்ஷூரன்ஸும் குத்தகை நிபந்தனையில் சேரவேண்டும். சுயதொழில் செய்பவர் பெறும் சேவையையும் விளக்கத்தில் மீண்டும் சேர்த்து நுகர்வோர் சட்டத்தைத் திருத்துவது பார்லிமெண்டின் கடமை. "பொறுப்பல்ல" என்று பலகை எழுத ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கம்பத்தைச் சீர்செய்யச் செலவிட்டாலே பாதிப் பிராதுகள் எழாது.