கோரை முடியைச் சுருட்டலாமா?



தீபாவளி நெருங்கினாலும் சரி, கல்யாண மாதம் பிறந்தாலும் சரி, மருந்தறைப் பக்கம் வருகிற பெண்பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டிரெசர் ஐயா, எனக்குக் கோரை முடி. பெர்ம் பண்ணிக்கலாமா? ஒண்ணும் ஆகாதே?" பின்னாலேயே தாயார் நின்றுகொண்டு, "நல்லா சொல்லுங்க ஐயா, இருக்கிறதையும் கெடுத்துக்கப் போறா" என்பார்.

அந்தத் தாய்மாருக்கு முதலில் ஒரு வார்த்தை. 1970களில் பத்து பெரண்டாமில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வந்தபோது, நம் தோட்டத்துப் பெண்களும் பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போனார்கள். கையில் சொந்தச் சம்பளம் வந்தது, முடியும் சுருண்டது. அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் யார் யார் சுருட்டியிருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். அன்று சுருட்டிய அம்மாவே இன்று மகளைத் தடுப்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது!

என் அபிப்பிராயம் இதுதான். முடி அந்தப் பிள்ளையுடையது. மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்படுகிறார்கள் என்று சுருட்டவும் வேண்டாம், வருங்கால மாமியார் முகம் சுளிக்கிறார் என்று நிறுத்தவும் வேண்டாம். ஆனால் எதற்காகச் சுருட்ட நினைக்கிறாய் என்ற கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். ஏனென்றால் கேட்டுப் பார்த்தால் பாதிப் பேர் சொல்வது, "முடி கொட்டிப் போச்சு ஐயா, சுருட்டினா அடர்த்தியா தெரியும்னு சொல்றாங்க" என்பதே.

இங்கேதான் நான் குறுக்கே நிற்கிறேன். முடி கொட்டுவது அலங்கார விஷயம் அல்ல, உடம்பு கொடுக்கும் தகவல். பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். டெங்கி போன்ற கடும் காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதம் கழித்தும் கொட்டும். இவை பெரும்பாலும் தானாகவே நின்று மறுபடியும் முளைக்கும். ஆனால் மாதா மாதம் உதிரப்போக்கு அதிகமாகி, வெட்டுக்காட்டில் நாலு மரம் போவதற்குள் மூச்சு வாங்கி, கண் இமையின் உட்பக்கம் வெளுத்துப் போன பெண்ணுக்கு முடி கொட்டுகிறது என்றால் அது ரத்தச் சோகையாக இருக்கலாம். தைராய்டு கோளாறாகவும் இருக்கலாம். சுருட்டிவிட்டால் கண்ணாடியில் அடர்த்தி தெரியும், நோய் மறைந்துகொள்ளும். அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். முதலில் அங்கே போய் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். சலூன் எங்கேயும் ஓடிப்போகாது.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆசைக்காகத்தான் என்றால், என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். அதற்குள்ளே ஏணிப்படிகள் மாதிரி கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன. முடி கருகும்போது வரும் நாற்றம் அந்தக் கந்தகத்தால்தான். பெர்ம் மருந்தில் உள்ள தியோகிளைகோலேட் அந்தப் படிகளில் ஒரு பகுதியை உடைக்கிறது. முடி குச்சியில் சுற்றிய வாக்கில் வளைந்து நிற்கும்போது, இரண்டாவது மருந்தான ஹைட்ரஜன் பெராக்சைடு படிகளைப் புது இடத்தில் பூட்டுகிறது. உடைத்ததெல்லாம் திரும்பப் பூட்டாது, ஆகவே முடி கொஞ்சம் பலம் குறையத்தான் செய்யும்.

1906இல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்னும் ஜெர்மானியர் இதைச் சூடேற்றிய உலோகக் குழாய்களால் செய்து காட்டினார். ஆரம்பத்தில் அவர் சோதித்துப் பார்த்தது தன் மனைவியின் தலையில். அந்த அம்மாளுக்கு முடியும் கருகியது, தலைத்தோலும் புண்ணானது. இப்போது அவ்வளவு கொடுமை இல்லை, ஆனால் மருந்து மருந்துதான்.

கோரை முடிக்காரர்கள் மறந்துவிடும் சங்கதி ஒன்று. சுருளுவது வெளியே தொங்கும் முடி மட்டுமே. வேர் மாறாது, அது மாதம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் நேராகவே வளர்ந்துகொண்டிருக்கும். ஆறு மாதத்தில் மேலே இரண்டு அங்குலம் கோரை, கீழே சுருட்டை. இடுப்பு வரை முடி இருந்தால் அதன் நுனிக்கு ஐந்து வயதாவது இருக்கும். ஐந்து வருஷ வெயிலும் வேர்வையும் பட்ட நுனி மருந்தை வேகமாகக் குடிக்கும், சட்டென்று ஒடியும். அது கெட்டுப்போய் வெட்டிவிட்டால் மறுபடி இடுப்பைத் தொட இன்னும் ஐந்து வருஷம். இந்தக் காலத்து ஆம்பளைப் பிள்ளைகளும் சுருட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நஷ்டமில்லை, பிடிக்காவிட்டால் மூன்று மாதத்தில் வெட்டி எறிந்துவிடலாம். நீள முடிப் பெண்ணுக்கு அப்படியில்லை.

செலவையும் பாருங்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மாதம் 26 நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. சலூனில் கேட்கும் தொகையை இந்த 65ஆல் வகுத்து, எத்தனை நாள் பெரட்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். சுருட்டிய பிறகு இரண்டு நாள் தலைக்கு ஊற்றாதே, இறுக்கிக் கட்டாதே என்பார்கள். செம்பனைக் காட்டில் தலைத்துண்டு கட்டி வேர்த்து வருகிறவருக்கு இது ஆகிற காரியமா? இரண்டு நாள் லீவு இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். சரியில்லாமல் போனால் திருத்த நேரமிருக்காது. இரண்டு மாதம் முன்னதாகவே, அதுவும் பின்பக்கம் ஒரு சிறு கொத்தில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் துளி மருந்து தடவி இரண்டு நாள் பொறுங்கள். அரித்தாலோ தடித்தாலோ அதோடு விட்டுவிடுங்கள். ரிபாண்டிங் செய்த முடியில் பெர்ம் கூடவே கூடாது, ஒடிந்து கையோடு வரும். உலோக உப்பு கலந்த கறுப்புச் சாயம் பூசியிருந்தாலும் ஆபத்து, பெராக்சைடு பட்டால் முடி சூடேறிப் போகும். என்ன பூசினோம் என்பதைச் சலூன்காரரிடம் மறைக்காதீர்கள். பேன் கடித்துச் சொறிந்த புண் இருந்தால் ஆறும் வரை காத்திருங்கள்.

பாசார் மாலாமில் சீசா வாங்கி வீட்டிலேயே அக்கா தங்கைக்குச் சுற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2008 முதல் அழகுச் சாமான் எதையும் சுகாதார அமைச்சுக்கு அறிவித்த பிறகே விற்க வேண்டும். அதற்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் கொடுக்கப்படும். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

சலூனில் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அடுத்தவர் தலையில் ஒரு நாள் படும் மருந்து உங்கள் கையில் தினமும் படுகிறது. கையுறை கேட்டு வாங்குங்கள். விரல் இடுக்கில் வெடித்து நீர் வடிந்தால் டாக்டரிடம் காட்டி, வேலையால் வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். தொழில் நோய்க்குச் சொக்சோவில் மனுச் செய்ய வழியுண்டு.

மருந்து கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். குழாயைத் திறந்து கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சீசாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.