டிவி திரை கண்ணாடியா, ஐயா?

ஜன்னல் துடைக்கும் நீலத் தண்ணீரை டிவிக்கும் அடிக்கலாம் என்று கூசாமல் சொல்லி விற்கிறார்கள் கடைக்காரர்கள். இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

நம் பழைய பெட்டி டிவியின் முகப்பு கனத்த கண்ணாடி. எதைப் போட்டுத் துடைத்தாலும் தாங்கியது. இன்றைய எல்.இ.டி. டிவியில் மேலே இருப்பது பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன்மேல் கண்கூச்சம் தடுக்கும் பூச்சு. அம்மோனியா, ஆல்கஹால், அசிட்டோன் பட்டால் அந்தப் பூச்சு திட்டுத் திட்டாகக் கெட்டுவிடும். பிறகு சரிசெய்ய வழியில்லை. நேராக அடித்த திரவம் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் மின்சுற்றும் போச்சு. பென்ஷன் பணத்தில் வாங்கிய பொருளாயிற்றே!

கண்ணாடிக்கு 'வெர்', திரைக்கு 'எக்ரான்' என்று பிரெஞ்சில் படித்தவர்கள் நாம். தமிழிலும் இரண்டும் வேறுதானே? விற்பவருக்கு மட்டும் ஒன்றாகிவிட்டதா?

என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத பாட்டிலைத் தொடாதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், திரை ஆறட்டும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். கறை போகவில்லையா? காய்ச்சி வடித்த நீரில் துணியை லேசாக ஈரப்படுத்தித் துடைத்தால் போதும். செய்தித்தாளும் டிஷ்யூவும் கீறிவிடும், வேண்டாம்.

தண்ணீரும் துணியும் செய்கிற வேலைக்குப் பாட்டில் எதற்கு? அடுத்த முறை கடைக்காரரிடமே கேளுங்கள்.