வினாவை இரவல் பெறுவோர்

தரவுத்தளம் கணனித்துறையாரின் உடைமை என்றும், கலைப்பீடத்தாருக்கு அதன் திரையிலுள்ள பொத்தான்களே போதுமானவை என்றும் கூறுவோர் உளர். அடக்கமாகத் தோன்றும் இக்கருத்து, உண்மையில் அறிவுத்துறையில் அடிமை மனப்பான்மையின் வெளிப்பாடேயாகும். பொத்தானை அமைத்தவர் எண்ணிப்பார்த்த வினாக்களை மட்டுமே அப்பொத்தான் கேட்கும். ஆய்வாளரின் புதிய வினாவுக்கு அங்கு இடமில்லை.

வரலாறும் இக்கருத்துக்கு மாறாகவே சான்று பகர்கின்றது. 1970 இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கார் கொட், தரவுகளை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தி நோக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அதனடியாக 1974 இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்சும் 'சீக்குவல்' என்னும் வினவல் மொழியை முன்வைத்தனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று. கணனி நிபுணரல்லாத கணக்காளர், நகரத் திட்டமிடுவோர் முதலியோரையும் கருத்திற்கொண்டே அம்மொழி வகுக்கப்பட்டது. அவர்களுக்கு உரியது தமிழ் மாணவருக்கு மட்டும் உரியதன்று எனல் எங்ஙனம் பொருந்தும்?

தமிழ்ச் சொல்லடைவு ஒன்றை எடுத்துக்காட்டாக நோக்கலாம். எஸ்.கியூ.லைட் தரவுத்தளத்திடம் சொற்களை வரிசைப்படுத்துமாறு பணித்தால், வேறு ஏற்பாடு செய்யாதவிடத்து, அது ஒருங்குறி எண்களின் ஒழுங்கையே பின்பற்றும். ஒருங்குறியில் ளகரம் ழகரத்துக்கு முன் நிற்பதால், 'மளிகை' முன்னும் 'மழை' பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கு வேண்டுவது இதன் மறுதலையை. பொத்தானை நம்பியிருப்பவர் இப்பிழையைக் கண்டாலும் திருத்த வல்லரல்லர். கட்டளை வரியில் ஸ்கிரிப்ட் எழுதி இயக்குபவரோ, பைதன் மொழி வாயிலாகத் தரவுத்தளக் கோப்புடன் இணைப்பை ஏற்படுத்துவார். நெடுங்கணக்கு ஒழுங்கைச் சிறு செயற்கூறாக எழுதி அவ்விணைப்பிற் பதிவுசெய்வார். பின்னர் அவ்வொழுங்கை வினவலிற் குறிப்பிட்டு மீள விடுத்துச் சரியான வரிசையைப் பெறுவார்.

இதனால் விளையும் பயன் வரிசையோடு முடிவதன்று. அந்த ஸ்கிரிப்டை ஆய்வேட்டுடன் இணைத்துவைத்தால், தரவுத்தளத்தைப் பெறும் எவரும் அதனை இயக்கி முடிவைச் சரிபார்க்கலாம். பொத்தானை அழுத்திப் பெற்ற முடிவுக்கு இத்தகைய சான்று யாது?

ஆங்கிலச் சொற்கள் தடையாகும் என்பர் சிலர். 'செலெக்ட்', 'ஃப்ரம்', 'வெயார்', 'ஓடர் பை' முதலிய சில சொற்களே தொடக்கத்தில் வேண்டப்படுவன. தொல்காப்பியச் சூத்திரங்களுக்குப் பொருள் காண முயலும் மாணவருக்கு இவை ஏறவியலா மலைகளல்ல. உண்மைத் தடை மொழியன்று. 'இது எமது வேலையன்று' என ஒதுங்கும் மனநிலையேயாகும்.

எனவே தமிழ்த்துறைப் பாடத்திட்டத்தில் வினவல் மொழிக்கு இடமளித்தல் இன்றியமையாதது. எழுத்துகளின் ஒழுங்கைக் கற்பவர், அவ்வொழுங்கைக் கணனிக்கு உணர்த்தும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடுதல் தகாது. வினாவை இரவல் பெறுவோர் விடையையும் இரவலாகவே பெறுவர்.