கருவி கூறும் சாட்சி

பருகுவது யாதென்று அறியாமலே மாள்வதினும் இரங்கத்தக்கது உலகில் வேறுண்டோ? 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்து எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களிலும் 20-க்கும் மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர். அவர்கள் பருகியது காய்ச்சிய சாராயமன்று, ஆலைகளில் வழங்கும் மெத்தனால் என்பது தடய அறிவியற் சோதனையால் வெளிப்பட்டதெனக் காவல் துறையினர் அறிவித்தனர். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அதே நஞ்சு 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் வாழும் நமக்கு இஃது அயலார் துயரமன்று. இங்கே வரப்புக்கு இப்பால் புதுவை, அப்பால் தமிழ்நாடு. நஞ்சோ எல்லைக்கல்லைக் கண்டு நிற்பதில்லை.

நிற்க. மெத்தனாலும், சாராயத்திலுள்ள எத்தனாலும் நிறத்தால் வேறுபடா. மணத்தாலும் எளிதிற் பிரித்தறிதற்கு இயலா. இத்தகைய பொருள்களைப் பகுத்துரைக்கும் கருவிகளுள் ஒன்று நிறை நிறமாலைமானி. ஆங்கில அறிஞர் ஆஸ்டன் 1919-இல் இதன் முன்னோடியை அமைத்து, 1922-இல் நோபெல் பரிசும் பெற்றார். இன்றைய கருவியில், நீண்ட மெல்லிய குழாயொன்று கலவையிலுள்ள பொருள்களை ஆவியாகப் பிரித்து ஒவ்வொன்றாக அனுப்பும். கருவி அவற்றை எலெக்ட்ரான்களால் தாக்கிச் சிதைத்து, துண்டுகளை நிறைவாரியாக வரிசைப்படுத்தும். அவ்வரிசையை மென்பொருளானது 3 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களின் வரிசைகள் அடங்கிய தொகுதியோடு ஒப்பிட்டு, பொருந்தும் பெயர்களை மதிப்பெண்ணுடன் காட்டும்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். மென்பொருள் தரும் பெயர் ஊகமேயன்றி முடிவன்று. மெத்தனால், எத்தனால் இரண்டிலும் 31 என்னும் நிறையுடைய துண்டே மிகுந்து தோன்றும். மெத்தனாலின் முழு மூலக்கூறு 32, எத்தனாலினது 46. ஆனால், கருவியுட் புகுந்த காற்றின் ஆக்சிஜனும் 32 என்றே காட்டும். தொகுதியில் இல்லாத புதுப் பொருளுக்கோ, அருகிலுள்ள வேறொன்றன் பெயர் சூட்டப்பட்டுவிடவுங் கூடும். ஆதலின், தூய மெத்தனாலை அதே கருவியிற் செலுத்தி, துண்டுகளோடு குழாயினின்று வெளிவரும் நேரமும் ஒத்துள்ளதா என்று காண்டல் ஆய்வாளர் கடமையாம்.

'கருவி பொய் கூறுமோ?' என்பார் உளர். எடைக்கல் பொய் கூறுவதில்லை; எனினும் தராசு பிடிப்பவர் கையையும் நாம் நோக்குகின்றோமன்றோ?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின்படி, அரசாங்க ஆய்வாளரது அறிக்கை, அவர் மன்றத்திற்கு வாராமலே சான்றாகக் கொள்ளப்படலாம். முன்னைச் சட்டத்தும் இவ்விதி இருந்தது. அங்ஙனமாயின், ஆய்வாளர்க்கு மாறாக அத்தாளே பேசல் வேண்டும். எந்தத் தூய மாதிரியோடு ஒப்பிட்டனர், மதிப்பெண் யாது, வேறெப் பெயர்கள் எக்காரணத்தால் தள்ளப்பட்டன என்பனவெல்லாம் அதில் விளங்க எழுதப்படல் வேண்டுமென யாம் கருதுகின்றோம். தவறான பெயர் ஒருவனைச் சிறையிலிடவும், மற்றொருவனைத் தப்புவிக்கவும் வல்லது.

அவ்வறிக்கையின் சாரம் தமிழிலும் தரப்படுதல் இன்றியமையாதது. தந்தையை இழந்த குப்பத்துப் பிள்ளை, தன் தந்தையைக் கொன்றது யாதென்று தன் மொழியிற் படித்தறிய உரிமையுடையவன். அவனுக்கு விளங்கும் சொற்களை ஆக்கித் தருதல், தமிழ் பயிலும் நம்மனோர் கடமையன்றோ?